லா ரூஸாவும் எங்கள் வேலியோர வழக்கும்

சிகாகோ வொயிட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்கு 2020-இல் டோனி லா ரூஸாவை மேனேஜராக எடுத்தது சரியா தவறா என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால், "யார் எடுத்தது?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். வழக்கே அங்கேதான் இருக்கிறது. குடி, வயது, வாய்த்துடுக்கு எல்லாம் அதற்கு அப்புறம்.

சிகாகோவில் இரண்டு பேஸ்பால் அணிகள். வடக்கே கப்ஸ். பெயரும் கூட்டமும் சுற்றுலாப் பயணிகளும் அங்கேதான். தெற்கே வொயிட் சாக்ஸ். நான் தெற்கு. இதில் கொள்கை ஒன்றும் கிடையாது. 2004-இல் மேற்படிப்புக்கு நான் வந்து சேர்ந்த கல்லூரி இல்லினாய் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. (ஊரில் சொந்தக்காரர்களிடம் "பையன் ஐஐடியில் படிக்கிறான்" என்று அம்மா சொல்லிக்கொண்டதை நான் திருத்தப் போகவில்லை.) அந்தக் கல்லூரிக்கும் சாக்ஸ் மைதானத்துக்கும் நடுவில் ஒரு நெடுஞ்சாலையும் ரயில் தடமும்தான். ராத்திரி படித்துக்கொண்டிருக்கும்போது வாணவெடி வெடித்தால் நம்ம ஆள் யாரோ ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்திருக்கிறார் என்று அர்த்தம். மறு வருடமே, 2005-இல், 1917-க்குப் பிறகு முதல் முறையாக வேர்ல்ட் சீரிஸ் என்கிற இறுதித் தொடரை ஜெயித்தார்கள். அப்படி ஒரு வருடத்தைப் பார்த்தவன் அப்புறம் அணி மாற முடியாது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தில் மேனேஜர் என்பவர் கணக்கு வழக்கு பார்க்கிறவர் இல்லை. கிரிக்கெட்டில் கேப்டன் களத்தில் எடுக்கும் முடிவுகளை எல்லாம் இங்கே எடுப்பவர் அவர்தான்: யார் எந்த வரிசையில் அடிப்பது, பந்து எறியும் பிட்சரை எப்போது இறக்குவது, யாருக்கு வேண்டுமென்றே நாலு பால் கொடுத்து முதல் பேஸுக்கு அனுப்புவது. (அடிக்க வாகில்லாமல் விலகிப் போகும் பந்து 'பால்', நாலு ஆனால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம். அடிக்கத் தவறியது 'ஸ்ட்ரைக்', மூன்று ஆனால் ஆள் காலி.) எழுபது வயதானாலும் வீரர்களைப் போலவே சீருடை மாட்டிக்கொண்டு, மைதானத்து ஓரத்தில் அணி உட்காரும் டக்அவுட்டில் நிற்பார். அதனால் திட்டு வாங்குவதற்கென்றே அளவெடுத்துத் தைத்த பதவி அது.

2020-க்கு வருவோம். மூன்று வருடம் வரிசையாகத் தோற்று, இளம் வீரர்களைச் சேர்த்து, பொறுமையாகக் கட்டிய அணி அப்போதுதான் எழுந்து நின்றது. ஹோசே அப்ரேயு அந்த வருடம் லீகின் சிறந்த வீரர். டிம் ஆண்டர்சன், எலோய் ஹிமெனெஸ், லூயிஸ் ராபர்ட், யோவான் மொன்காடா, பிட்சிங்கில் லூக்கஸ் ஜியோலிட்டோ. கொரோனாவால் சுருங்கிய சீசனில் 35 வெற்றி, 25 தோல்வி. 2008-க்குப் பிறகு முதல் பிளேஆஃப், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் அக்டோபர் சுற்று. அங்கே ஓக்லண்டிடம் தோற்றதும், தோற்ற காலமெல்லாம் கூடவே இருந்த மேனேஜர் ரிக் ரெண்டரீயாவை அக்டோபர் 12 அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்களைத் தேர்வு செய்யும் பொது மேலாளர் ரிக் ஹான் அன்றைக்குச் சொன்ன தகுதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: சாம்பியன் அமைப்பு ஒன்றில், சமீபத்து அக்டோபர் ஆட்டங்களில் அனுபவம் உள்ளவராக இருந்தால் நல்லது.

அதைக் கேட்டதும் எல்லாரும் ஒரே பெயரைத்தான் சொன்னோம், ஏ. ஜே. ஹிஞ்ச். 2017-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை ஜெயிக்க வைத்தவர்.

அக்டோபர் 29 அன்று அறிவித்தார்கள். டோனி லா ரூஸா. வயது 76. கடைசியாக டக்அவுட்டில் நின்றது 2011-இல். அன்றைக்குக் கிளப் வெளியிட்ட அறிவிப்புப் படம் ஒன்றில் லா ரூஸாவின் முகம் இருந்தது, கீழே கையெழுத்து மட்டும் ஹிஞ்சுடையது! ஹிஞ்சுக்காகத் தயார் செய்துவைத்த படத்தில் முகத்தை மாற்றியவர்கள் கையெழுத்தை மாற்ற மறந்துவிட்டார்கள் என்றுதான் நாங்கள் எல்லாரும் படித்தோம். ஹிஞ்சை மறுநாளே டெட்ராய்ட் டைகர்ஸ் கொத்திக்கொண்டு போனது.

லா ரூஸா சாதாரண ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓக்லண்டோடு 1989-இல், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸோடு 2006-இலும் 2011-இலும் வேர்ல்ட் சீரிஸ். 2014-இல், பேஸ்பால் மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேம். சட்டம் படித்தவர். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு பேட்டருக்கும் ஏற்ற பிட்சரை மாற்றி மாற்றி இறக்கும் இன்றைய பழக்கத்துக்கு அவர் போட்ட பாதை பெரிது.

எங்கள் வீடு ஊரின் தென்மேற்குப் புறநகரில். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், கொத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஐரிஷ் வம்சாவளிக்காரர். கொரோனா காலம் என்பதால் அவர் வேலிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அறிவிப்பு வந்த சாயங்காலம் அவர் இலை கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாருகோலை வேலியில் சாத்திவிட்டு, கல்யாண வீட்டுச் செய்தி சொல்வது போல, "டோனி வீட்டுக்கு வந்துவிட்டான்" என்றார்.

அவருக்கு அது வீடு திரும்பல்தான். லா ரூஸா முதன்முதலில் மேனேஜரானதே இங்கேதான், 1979-இல், முப்பத்து நாலு வயதில். 1983-இல் 99 ஆட்டங்கள் ஜெயித்துப் பிரிவில் முதலிடம். அப்புறம் சரிந்தது. 1985 சீசன் முடிந்ததும், ஒளிபரப்பாளராக இருந்த ஹாக் ஹேரல்சனைப் பொது மேலாளராக்கினார்கள். அவர் லா ரூஸாவை 1986 சீசன் நடுவிலேயே துரத்தினார். ஹேரல்சன் அந்த வருடத்தோடு அந்த நாற்காலியை விட்டுப் போனார். லா ரூஸா ஓக்லண்ட் போய்ச் சரித்திரம் படைத்தார். அணியின் முதலாளி ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் அன்றிலிருந்து, அதை விடத் தான் வருந்திய முடிவு வேறில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெரியவரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "ஹாக் மட்டும் அந்தக் காரியம் செய்யாமல் இருந்திருந்தால்" என்று ஆரம்பித்தால் காபி ஆறிவிடும்.

எதிர்க்கட்சி அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர், என்னைப் போலவே அதே கல்லூரியில் படித்து இங்கேயே தங்கியவர், தரவுப் பகுப்பாய்வு வேலை. கிரிக்கெட்டை விட்டு பேஸ்பாலுக்கு அவர் வந்ததே புள்ளிவிவரத்துக்காகத்தான். அன்று ராத்திரி போன் செய்து, 'ஹலோ' கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"சமீபத்து அக்டோபர்னு சொன்னாம்லா? 2011 உனக்குச் சமீபமாடே?"

மூன்றாவது ஆள் அலுவலகத் தோழி. பில்சன் பகுதியில் பிறந்து வளர்ந்த மெக்சிகன் குடும்பம், தாத்தா காலத்திலிருந்து சாக்ஸ். அவளுக்கு வயதோ புள்ளிவிவரமோ பிரச்சினை இல்லை. 2016-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் கோலின் கேப்பர்னிக் இனவெறியை எதிர்த்துத் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டதைப் பற்றி லா ரூஸா பேசியதுதான் அவளுக்கு நெஞ்சில் நின்றது. கேப்பர்னிக்கின் நேர்மையையே அப்போது அவர் சந்தேகித்தார். தன் அணியில் அப்படி அனுமதிக்க மாட்டேன் என்றார். சாக்ஸிலோ கறுப்பின வீரர்களும் கியூபா, டொமினிகன் குடியரசிலிருந்து வந்தவர்களும்தான் முதுகெலும்பு. ஹோம் ரன் அடித்துவிட்டு மட்டையைத் தூக்கி எறியும் டிம் ஆண்டர்சனை இந்த ஆள் எப்படி நடத்துவார் என்பது அவள் கேள்வி. பதவியேற்ற பேட்டியில் லா ரூஸா, தான் கற்றுக்கொண்டதாகவும் மனமார்ந்த அமைதியான போராட்டத்தை ஆதரிப்பதாகவும் சொன்னார். "எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார்" என்றாள் அவள்.

இது நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அடுத்தது வந்தது. அந்த வருடம் பிப்ரவரியில் பீனிக்ஸில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாக லா ரூஸா கைதாகியிருக்கிறார். குற்றச்சாட்டு பதிவானது அக்டோபர் 28, அதாவது அறிவிப்புக்கு முந்தைய நாள். 2007-இல் ஃப்ளோரிடாவில் இதே போல ஒரு முறை ஏற்கெனவே மாட்டியவர். போலீஸ் அறிக்கையில் ஒரு வரி: ஹால் ஆஃப் ஃபேம் மோதிரத்தைக் காட்டி, நான் யார் தெரியுமா என்கிற பாணியில் பேசியிருக்கிறார். கிளப்புக்கு விஷயம் முன்பே தெரியும். தெரிந்தேதான் எடுத்தார்கள். டிசம்பரில், குடித்து ஓட்டிய வழக்கு பொறுப்பற்று வாகனம் ஓட்டிய வழக்காகச் சுருங்கி, குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துக்கொண்டார்.

பெரியவர் இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. அவருடைய தம்பி ஒருவர் இப்படிப்பட்ட விபத்தில் போனவர் என்று அவர் மனைவி பின்னால் ஒரு நாள் சொன்னார்.

எங்கள் பக்கத்து நேர்மையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். லா ரூஸாவின் குணத்தை அலசிக் காயப்போட்ட அதே வாய்கள்தான் ஹிஞ்ச் வேண்டும் என்றன. அந்த ஹிஞ்ச் யார்? 2017-இல் அவருடைய அணி கேமரா வைத்து எதிரணி கேட்சர் அடுத்த பந்து பற்றித் தன் பிட்சருக்குக் காட்டும் சைகைகளைத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டித் தன் பேட்டருக்குச் செய்தி சொன்னது. தெரிந்தும் அவர் நிறுத்தவில்லை என்று 2020-இல் ஒரு வருடம் தடை போட்டார்கள். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னால், "அவரு தண்டனை முடிச்சுட்டார்லா" என்பார். லா ரூஸாவும் முடிச்சுட்டார்லா அண்ணாச்சி என்றால் போனை வைத்துவிடுவார்.

அதனால்தான் குணம், வயது என்கிற பக்கமே நான் போகவில்லை. எண்பதை நெருங்கும் ஆள் நன்றாக நடத்த முடியாதா? முடியலாம். 72 வயது மேனேஜர் ஜாக் மெக்கீயன் 2003-இல் ஃப்ளோரிடா அணியோடு வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தார். எனக்கு உறுத்தியது வேறு. தன் சொந்த வருத்தத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு முதலாளி, ஊர் முழுக்கப் பல வருடம் காத்திருந்து கிடைத்த அணியை எடுத்து நண்பரின் கையில் கொடுத்தார். பொது மேலாளர் ஒரு தகுதிப் பட்டியல் சொன்னார். முதலாளி அதைக் கிழித்துப் போட்டார். நட்புக்காக எடுக்கவில்லை என்று ரைன்ஸ்டார்ஃப் தன் அறிக்கையிலேயே சொன்னார். அதை வலியச் சொல்ல வேண்டி வந்ததே போதாதா?

2021 சீசன் தொடங்கியது, மைதானத்தில் கால்வாசிக் கூட்டத்தோடு. மே மாதம் சின்சினாட்டியில் ஓர் ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனது. புது விதிப்படி கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாவது பேஸில் ஓர் ஆளை நிறுத்தித்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். அங்கே போய் நின்றவர் லியம் ஹெண்ட்ரிக்ஸ். அவர் பிட்சர்! பேஸ் ஓடுவது அவர் தொழிலே இல்லை. பிட்சருக்குப் பதிலாக அவருக்கு முந்தைய பேட்டர் அப்ரேயுவை நிறுத்தலாம் என்று விதி இருக்கிறது. லா ரூஸாவுக்கு அது தெரியவில்லை. ஆட்டம் முடிந்து நிருபர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். 1-0 என்று தோற்றோம். அண்ணாச்சி அன்று போன் செய்யவில்லை. விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து மட்டும் அனுப்பினார்.

அடுத்தது மெர்சிடீஸ் விவகாரம். யெர்மின் மெர்சிடீஸ், 28 வயதுப் புதுமுகம். பத்து வருடம் சின்ன லீகுகளில் பஸ் ஏறி இறங்கியவர். சீசன் தொடங்கியதும் முதல் எட்டு முறையும் ஹிட் அடித்து ஊரையே பைத்தியமாக்கினார். மே 17, மினியாபோலிஸில் ட்வின்ஸுடன் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், நாங்கள் 15-4 முன்னிலை. ட்வின்ஸ் ஏற்கெனவே கையைத் தூக்கிவிட்டு, பிட்சரே அல்லாத வில்லியன்ஸ் அஸ்துடீயோவைப் பந்து போட நிறுத்தியிருந்தது. மூன்று பால் போட்டாயிற்று, ஸ்ட்ரைக் இல்லை. பழைய கணக்கில், இவ்வளவு முன்னிலையில் அந்த நாலாவது பந்தை அடிக்கக் கூடாது, விட்டுவிட வேண்டும். விடச் சொல்லிச் சைகையும் போனது. வந்த பந்தின் வேகம் மணிக்கு 47 மைல். பெரிய லீகில் 95 சாதாரணம். அதைப் போய் விடுவதா? மெர்சிடீஸ் மைய மைதானத்துக்கு வெளியே தூக்கிவிட்டார். 16-4.

வீட்டில் என் மகள் குதித்தாள். லா ரூஸாவோ மறுநாள், பெரிய தப்பு, புது ஆள், ஒன்றும் தெரியவில்லை, குடும்பத்துக்குள் இதற்கு விளைவு இருக்கும் என்று நிருபர்களிடமே சொன்னார். அன்றைய ஆட்டத்தில் ட்வின்ஸ் பிட்சர் டைலர் டஃபி, மெர்சிடீஸின் கால்களுக்குப் பின்னால் போகிற மாதிரி ஒரு பந்தை எறிந்தார். நடுவர் அவரை வெளியேற்றினார். எங்கள் மேனேஜரோ, ட்வின்ஸ் செய்ததில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். தன் பையனை எதிரணி குறிவைக்கிறது, இவர் எதிரணிக்கு வக்காலத்து! (வக்கீலுக்குப் படித்தவர் என்று முதலிலேயே சொன்னேன்.)

டிம் ஆண்டர்சன் இன்ஸ்டாகிராமில் மெர்சிடீஸுக்கு ஆதரவாக எழுதினார். மூத்த பிட்சர் லான்ஸ் லின், பேட்டர் ஒருவர் பந்து போட வந்துவிட்டால் அந்த எழுதாத விதிகள் எல்லாம் செல்லாது என்றார். அதற்கு லா ரூஸாவின் பதில்: "லான்ஸுக்கு லாக்கர் இருக்கிறது. எனக்கு ஆபீஸ் இருக்கிறது."

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவர் இதற்குக் கை தட்டினார். "மேனேஜர்னா இப்படித்தான் இருக்கணும்" என்பது அவர் கட்சி. அவர் வேலை பார்த்த காலத்து மேஸ்திரிகள் இப்படித்தான் பேசினார்களாம். அந்த மேஸ்திரியை உங்களுக்குப் பிடித்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சுவர் நேராக நின்றது" என்றார்.

சுவர் நேராகத்தான் நின்றது, ஒரு வருடம். 93 வெற்றி, பிரிவில் முதலிடம். ஜூனில் அந்தக் கால மேனேஜர் ஜான் மெக்ராவைத் தாண்டி, மேனேஜர்களின் மொத்த வெற்றிகளில் கானி மேக்குக்கு அடுத்த இடத்தை லா ரூஸா பிடித்தார். பிளேஆஃபில் ஹூஸ்டனிடம் 3-1 என்று தோற்றோம். எதிர் டக்அவுட்டில் நின்ற டஸ்டி பேக்கருக்கும் வயது 72 என்பதைப் பெரியவர் எனக்கு நினைவூட்டத் தவறவில்லை. 93-ஐக் காட்டி, இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டார். ஜெயிப்பாரா என்று நான் எப்போது கேட்டேன்? அந்த அணியை நல்ல மேனேஜர் யார் நடத்தியிருந்தாலும் அந்தப் பிரிவில் ஜெயித்திருக்கும். நான் கேட்டது, பாக்கி இருப்பது யாருக்கு என்று. முதலாளி லா ரூஸாவுக்குக் கடன்பட்டிருந்தால் தன் பையிலிருந்து கொடுக்கட்டும்.

2022-இல் எல்லாம் அவிழ்ந்தது. ஜூன் 9, டாட்ஜர்ஸுடன் மதிய ஆட்டம். அலுவலகத்தில் மீட்டிங் நடக்க, மேஜைக்குக் கீழே போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது இன்னிங்ஸ். ட்ரே டர்னருக்கு ஒரு பால், இரண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒரு ஸ்ட்ரைக்தான், ஆள் காலி. அந்த நேரத்தில் லா ரூஸா கையைக் காட்டி டர்னரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பினார். அடுத்த பேட்டர் மேக்ஸ் மன்ஸி இடதுகைக்காரர், நம் பிட்சரும் இடதுகை, அதனால் அது சாதகம் என்பது அவர் கணக்கு. பந்து போடுவதற்கு முன்பே கூட்டத்திலிருந்து ஒருவர், இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டதே டோனி என்று கத்தியது ஒளிபரப்பில் துல்லியமாகக் கேட்டது. மன்ஸி மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 11-9 என்று தோற்றோம். ஆட்டத்துக்குப் பிறகு கேட்டபோது, இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்று லா ரூஸா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அந்த வாரக் கடைசியில் மைதானத்தில் "ஃபயர் டோனி" கோஷம் எழுந்தது. தோழியும் அதில் இருந்தாள். மறுநாள் தொண்டை கட்டியிருந்தது.

ஆனால் அவளே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டாள். மே மாதம் யாங்கீஸின் ஜாஷ் டொனால்ட்சன், டிம் ஆண்டர்சனை "ஜாக்கி" என்று நக்கலாக அழைத்தார். நவீன காலப் பெரிய லீகின் முதல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனைக் குறித்த கிண்டல். அன்று லா ரூஸா சுற்றி வளைக்காமல் அது இனவெறிப் பேச்சு என்று நேராகச் சொன்னார். அவள் பயந்தது நடக்கவில்லை. பயப்படாதது எல்லாம் நடந்தது.

ஆகஸ்ட் 30 அன்று இதய சம்பந்தமான சிகிச்சைக்காக விலகினார். மிகேல் கைரோ தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார். அக்டோபர் 3 அன்று, 78 வயது ஆவதற்கு முந்தைய நாள், இனி வரவில்லை என்று அறிவித்தார். 81 வெற்றி, 81 தோல்வி. உடல்நிலை என்று கேட்டதும் எல்லாரும் கோஷத்தை நிறுத்திவிட்டோம். அதுதான் மரியாதை.

அடுத்து வந்த பெட்ரோ கிரிஃபோல் காலத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. 2024-இல் 121 தோல்விகள். நவீன காலத்தில் எந்த அணியும் ஒரே சீசனில் அத்தனை தோற்றதில்லை. அந்த 121-ஆவது தோல்வி செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட்டில். 4-1. பத்து வருடத்துக்குப் பிறகு டைகர்ஸ் பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றதும் அதே ஆட்டத்தில்தான். அவர்கள் மேனேஜர் ஹிஞ்ச்.

அண்ணாச்சி போன் செய்து கால் மணி நேரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் வேலியோரம் பெரியவரிடம் சொன்னேன். ஹிஞ்ச் இங்கே வந்திருந்தாலும் இந்த முதலாளியின் கீழ் இதுதான் நடந்திருக்கும் என்றார். வாயைத் திறந்தேன், மறுத்துப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. இத்தனை வருடமாக நான் சொல்லிவருவதைத்தான் அவரும் சொல்கிறார் என்பது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. உடனே ஹாக் ஹேரல்சனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.